‘ஹை டீ’ யாருடைய உணவு?

கடந்த மாதம் தோழியின் பிறந்தநாளுக்காகக் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் ‘ஹை டீ’ சாப்பிடப் போனோம். மூன்றடுக்குத் தட்டில் விரல் நீளச் சாண்ட்விச், ஸ்கோன், கேக். எங்களில் ஒருத்தி ஸ்கோனைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த பிறகு, சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

நாங்கள் அன்று சாப்பிட்டதன் சரியான பெயர் ‘ஆஃப்டர்நூன் டீ’. பிரிட்டிஷ் மேட்டுக்குடியினர் மதிய உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையே பசி தாங்க உண்ட சிற்றுண்டி அது. 1840களில் பெட்ஃபர்ட் சீமாட்டி அன்னா மரியா தொடங்கி வைத்த வழக்கம் என்பார்கள். ‘ஹை டீ’யோ ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் வேலை முடிந்து வந்து உண்ட முழுச் சாப்பாடு: ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி, கூடவே சூடான தேநீர். வடக்கு இங்கிலாந்தில் பலர் இன்றும் மாலைச் சாப்பாட்டையே ‘டீ’ என்கிறார்கள். தொழிலாளியின் உணவுப் பெயரைத்தான் நாம் இங்கே ஆடம்பரமாக விற்கிறோம், வாங்குகிறோம்!

கோப்பையில் முதலில் பாலா, தேநீரா என்பதை வைத்துக்கூட அங்கே ஆளை எடைபோட்டார்கள். முதலில் பால் ஊற்றினால் கீழ்த்தட்டு என்று ஏளனம். 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர், மேல்தட்டினர் சொல்லும் சொற்கள் எவை, சொல்லாதவை எவை என்று கட்டுரையே எழுதினார். பணம் வந்தவர்கூட எளிதில் உள்ளே நுழைய முடியாதபடி சொல்லும் பழக்கமும் வேலியாக நின்றன.

இந்த வேலி நம்மிடமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒருவர் ஆங்கிலம் பேசும் விதத்தைக் கேட்டே அவர் எங்கிருந்து வந்தவர் என்று கணக்குப் போடுகிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் என்று சொல்ல முதலாம் ஆண்டில் நானே தயங்கினேன். இலங்கை மலையகத்திலும் நம் கேமரன் மலையிலும் கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர்கள் எத்தனை பேர்! அந்த உழைப்பில் வந்த தேநீரை அருந்திக்கொண்டே, அதை எப்படிக் குடிப்பது என்று நமக்குள் ஏளனம் செய்துகொள்கிறோம்.

முள்கரண்டி பிடிக்கத் தெரிந்துகொள்வது நல்லதுதான். நேர்முகத் தேர்வுக்கும் விருந்துக்கும் அது உதவும். தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பதுதான் அநாகரிகம். தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். “ருசியாத்தான் இருந்துச்சு, நீயும் நனைச்சுப் பாரு” என்றாள். நனைத்துப் பார்த்தேன். உண்மைதான்.