பழக்கத்தின் மீது சுமத்தப்படும் பழி

சிறு விவசாயிக்கு விளைவிக்கத் தெரியும், உண்ணத் தெரியாது என்பதே போசாக்குக் கல்வி பற்றிப் பேசுவோர் பலரின் முதற் கோட்பாடாகும். கிராமத்துக் கூட்டங்களில் வண்ணப் படங்கள் தொங்கவிடப்படுகின்றன. கீரையின் சிறப்பும் முட்டையின் பயனும் விளக்கப்படுகின்றன. கூட்டம் கலைந்ததும் கீரை சந்தைக்கும் முட்டை கடைக்கும் சென்றுவிடுகின்றன. இதற்கு அறியாமையே காரணம் எனத் தீர்ப்புக் கூறுவது எளிது. ஆயின் அது நீதியன்று. மாத்தளை மாவட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

மாவட்டத்தின் வடபாலுள்ள தம்புள்ளை, கலேவெல ஆகிய வரண்ட பகுதிகளின் சேனைகளில் முன்னர் குரக்கன், சோளம், பயறு, எள், பூசணி என்பன கலந்து பயிரிடப்பட்டன. தென்பால் உக்குவளை, யட்டவத்தைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களில் பலாவும் ஈரப்பலாவும் தெங்கும் மிளகுடன் சேர்ந்து வளர்ந்தன. அக்காலம் பொற்காலமன்று, வரட்சியும் மலேரியாவும் அன்றும் உயிர்களைக் கொண்டன. எனினும் பயிரின் பன்மை உணவின் பன்மையாகவும் இருந்தது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதன் சிறு பங்கேனும் இல்லை.

1980களில் பெரிய வெங்காயச் செய்கை பரவியது. 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் எழுந்தது. பணம் வந்தது, உடன் கடனும் வந்தது. விதை, உரம், கிருமிநாசினி ஆகியவற்றைக் கடனுக்குப் பெற்றவன் அறுவடை நாளில் தன் அடுக்களையை எண்ணிப் பார்க்க இயலுமா? நாட்டின் மரக்கறிச் சந்தைக்கு உணவளிக்கும் குடும்பம், பருப்பையும் கருவாட்டையும் விலைக்கு வாங்கி உண்கிறது; குழந்தையின் பசிக்கு விசுக்கோத்து விடையாகின்றது. இதனைப் பழக்கம் என்பது சந்தையின் குற்றத்தைச் சட்டியின் மீது சுமத்துவதேயாகும்.

பழக்கம் முற்றிலும் குற்றமற்றது என்பதும் பொருந்தாது. உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கம் கருவிலுள்ள சிசுவையும் வாட்டுகின்றது. இவை திருத்தப்பட வேண்டியனவே. ஆனால் அறிவுரை தாய்க்கு மாத்திரம் கூறப்படுகின்றது. விளைச்சலில் எதனை விற்பது, எதனை வைப்பது என முடிவு செய்யும் கணவன் அக்கூட்டத்திற்கு அழைக்கப்படுவதில்லை. தோட்ட லயங்களில் ஒரு சாண் நிலமும் தமக்கென இல்லாதோர்க்கு வீட்டுத் தோட்டம் பற்றி உபதேசிப்பதோ அறிவுரையன்று, ஏளனமாகும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 சதவீதம். அடுத்து வந்த நெருக்கடி இந்நிலையின் அபாயத்தை வெளிப்படுத்தியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு பயிரை விற்று ஏனையவற்றை வாங்குவோர்க்கு அவ்வாண்டு இரு புறமும் அடியாயிற்று.

எனவே போசாக்குக் கல்வி அடுக்களையில் அன்று, போகத்தின் கணக்கில் தொடங்க வேண்டும். விதைக்குமுன் வீட்டிற்கென ஒரு பாத்தி ஒதுக்கப்பட வேண்டும். அதிற் பயறும் கீரையும் விளைய வேண்டும். பயிர்க்கடன் அப்பாத்தியையும் கணக்கிற் கொள்ள வேண்டும். விவசாயப் போதனாசிரியரும் குடும்பநல உத்தியோகத்தரும் ஒரே கூட்டத்திற் கணவனையும் மனைவியையும் சந்திக்க வேண்டும். நிலமற்றோர்க்கு நிலம் கேட்கப்பட வேண்டும்.

மாத்தளைக்கு அண்மையில், பேராதனையில் விவசாயம் பயில்வோர் ஹெக்டேயருக்கு எத்தனை தொன் விளைந்தது என அளக்கின்றனர். அவ்விளைச்சலில் எத்தனை பிடி உழவனின் பிள்ளையுடைய கோப்பையைச் சேர்ந்தது என்பதையும் அளக்கத் தொடங்குவராயின், பழி யாரைச் சாரும் என்பது தானே தெளிவாகும்.