மாணவர் நலன் கூடுதல் பொறுப்பா?

உயர் கல்வி நிறுவனங்களில் ஆண்டுதோறும் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர் என்பதற்கு அரசிடம் கணக்கு உண்டு. சேர்ந்தவர்களில் பலர் ஏன் பாதியிலேயே வெளியேறினர் என்ற கேள்விக்குத்தான் தெளிவான விடை கிடைப்பதில்லை.

2023 டிசம்பரில் மக்களவையில் மத்திய கல்வி அமைச்சகம் அளித்த பதில் இதற்குச் சான்று. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என 13,626 மாணவர்கள் இடையில் நின்றுள்ளனர். இவர்களில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் 9,642 பேர். ஐஐடிகளில் 3,542 பேர். வாய்ப்புகள் பல இருப்பதால் மாணவர்கள் வேறு நிறுவனங்களுக்கு மாறுகின்றனர் என்பது அரசின் விளக்கம். அப்படி மாறியவர்கள் எத்தனை பேர், மனமுடைந்து ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு கணக்கு இதைவிட வேதனையானது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். அதே ஆண்டில் தேர்வுத் தோல்வி காரணமாக நேர்ந்ததாகப் பதிவானவை 2,248. மாணவர்களின் துயரத்துக்குத் தேர்வு ஒன்றே காரணமல்ல என்பது இதிலிருந்தே விளங்கும்.

தில்லி ஐஐடி மாணவர்கள் இருவரின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

வரவேற்கத்தக்க உத்தரவுதான். ஆனால், ஆலோசகர் மட்டும் போதுமா? உதவித்தொகை வந்து சேராத மாணவனுக்கும், ஆங்கிலப் பாடம் புரியாமல் பின் வரிசையில் ஒடுங்கும் மாணவிக்கும், விடுதியில் சாதியைச் சொல்லி ஒதுக்கப்படுபவருக்கும் ஆறுதல் வார்த்தை மட்டும் தீர்வாகாது. இவை மனநலக் குறைகளல்ல, நிர்வாகக் குறைகள். இவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து களைவதற்கு நிர்வாகத்துக்குள்ளேயே அதிகாரம் பெற்ற ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவும் ஆய்வுத் துறையாகவும் வளர்ந்திருக்கிறது. மாணவரின் அறிவை மட்டுமன்றி அவரை முழு மனிதராகக் கருத வேண்டும் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் 1937-இலேயே அறிக்கை வெளியிட்டது. கல்லூரிப் பருவத்தில் தன்னடையாளம் எப்படி உருவாகிறது என்பதை ஆர்தர் சிக்கரிங் 1969-இல் விளக்கினார். படிப்பிலும் நட்பு வட்டத்திலும் ஒன்ற முடியாதவர்களே இடையில் வெளியேறுகின்றனர் என்று வின்சென்ட் டின்டோ 1975-இல் வாதிட்டார். அங்குள்ள குறைகளும் பல. அவர்களது முறையை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால், மாணவர் நலன் என்பது கற்றுத் தேர வேண்டிய பணி என்ற அடிப்படையை ஏற்கலாம்.

இங்கோ, மாணவர் நலத் தலைவர் என்பது பெரும்பாலும் பேராசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்குச் சுமக்கும் கூடுதல் பொறுப்பு. விடுதிக் காப்பாளர் பதவியும் அப்படியே. அவர் அனுபவம் பெறும்போது பதவிக்காலம் முடிந்துவிடுகிறது. புதிய மாணவர்களுக்கான அறிமுகத் திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கொண்டுவந்தது. மாணவர்களின் உடல், மன நலத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2023-இல் வெளியிட்டது. சுற்றறிக்கை வழிகாட்டும்; வேலை செய்ய ஆள் வேண்டாமா?

ஆசிரியர் பணியிடங்களே காலியாக இருக்கும்போது இதற்கு நிதி ஏது என்று கேட்கப்படலாம். கடும் போட்டியில் கிடைத்த ஓர் இடம் பாதியில் வீணாவதும் பொதுப் பணத்தின் இழப்புதான். 2021-22 கணக்குப்படி உயர் கல்வியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர். மொத்தச் சேர்க்கை விகிதத்தை 2035-க்குள் 50 சதவீதமாக உயர்த்துவது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. இனி வரப்போகிறவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக இருப்பார்கள். வழிகாட்ட வீட்டில் ஆளில்லாதவர்களுக்குக் கல்லூரிதான் வழிகாட்ட வேண்டும்.

முழுநேர, பயிற்சி பெற்ற மாணவர் நல அலுவலர்களுக்கு நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். அவர்களிடம் மாணவர்கள் சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்தப்படாது என்ற உறுதி தேவை. இடைநின்றவர்களின் எண்ணிக்கையைப் பாடப்பிரிவு, வகுப்பு, காரணம் வாரியாக ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நம் மாணவர்களைப் பற்றிய ஆய்வுக்கு அதுவே தொடக்கம்.

உச்ச நீதிமன்றத்தின் ஜூலை உத்தரவு, உரிய சட்டம் வரும்வரைக்குமான ஏற்பாடுதான். அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை. இடஒதுக்கீடு கல்லூரியின் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே வந்தவர் பட்டத்துடன் வெளியே செல்வதை உறுதி செய்யாவிட்டால் சமூக நீதி பாதி வழியிலேயே நின்றுவிடும்.