மனுக்களைப் பங்கிடும் மென்பொருள்

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ஆம் ஆண்டு காரிப் பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. உணவு தானியத்துக்குக் காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 2, ராபியில் 1½, பருத்தி முதலிய வாணிபப் பயிர்களுக்கு 5 என்ற வரம்புக்குள் விவசாயி பிரீமியம் செலுத்துகிறார். இவற்றை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். நஷ்டத்தைத் தெரிவித்தபின் தம் மனு எவர் கைக்குச் சென்றது என்பதைத்தான் அவர்கள் அறியார்.

பெரும்பாலான நஷ்டஈடு, பயிர் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டு வட்டாரம் முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அதற்குத் தனி வயலைப் பார்வையிடத் தேவையில்லை. அறுத்து வயலிலேயே உலரப் போட்ட விளைச்சல் 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவந் தவறிய மழையிலோ கெட்டால் நிலைமை வேறு. விவசாயி 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவர் வருமுன் கதிர் முளைத்துவிடும். முளைத்ததை எத்தனை நாள் வயலில் விட்டுவைப்பது?

ஓரிரவு மழையில் நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் வந்து குவிகையில், இருக்கும் சில மதிப்பீட்டாளரிடையே அவற்றைப் பங்கிடுவதற்கென மென்பொருள்கள் வந்துள்ளன. எவரிடம் எத்தனை நிலுவை என்று எண்ணி அடுத்த மனுவை ஒப்படைப்பதும், தவணை கடந்ததை மேலதிகாரிக்கு உணர்த்துவதும் இவற்றின் வேலை. தெரிந்தவர் மனு முந்திச் செல்லும் பழைய வழக்கத்தைவிட இது மேலானதே. இதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் சமமாக்கினால் பங்கீடு நேர்மையாகிவிடாது. ஆளுக்கு ஒரு பாவு என்று கொடுத்துவிட்டு எந்த நெசவாளர் சங்கமும் ஓய்ந்துவிடுவதில்லை. எந்தத் தறியில் 100-ஆம் நம்பர் நூல் ஓடும், எவர் வீட்டில் முந்தைய பாவு இன்னும் முடியவில்லை என்று பார்த்தே கொடுக்கின்றனர். ஒரே கிராமத்துப் பத்து வயல்களும் ஆற்றின் இருகரையிலும் சிதறிய பத்து வயல்களும் கணக்கில் ஒன்றே, கால்நடையில் ஒன்றல்ல.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. முடித்த மனுக்களின் தொகையைக் கொண்டே திறமையை அளந்தால், எளிய மனு முதலில் முடியும். பத்திரங்கள் சிக்கலான குத்தகைதாரர் மனு விளக்கம் கோரித் திருப்பப்படும். திருப்பிய அன்றே அது நிலுவைக் கணக்கிலிருந்து நீங்குமாயின், தாமதம் எவர் கண்ணிலும் படாது. திருப்பிய மனுவும் நிலுவையே எனக் கொள்ளும்படி மென்பொருளை அமைக்க வேண்டும்.

2023 மார்ச்சில் டிஜிகிளெய்ம் முறை தொடங்கியபின், தொகை வழங்கும் கட்டம் தேசிய பயிர்க் காப்பீட்டுத் தளத்தோடு இணைந்துவிட்டது. அதற்கு முந்திய கட்டமும் அவ்வாறே வெளிச்சத்துக்கு வரவேண்டும். மனு எவரிடம் உள்ளது, எந்நாள் முதல், ஏன் திருப்பப்பட்டது என்பவற்றைத் தொடக்கச் சங்கத்தின் காரியதரிசி தம் கணிப்பொறியிலேயே பார்க்க இடமளிக்கவேண்டும். சர்வே எண்ணையும் வங்கிக் கணக்கெண்ணையும் பிழையறப் பதிவது சங்கங்களின் பொறுப்பு. தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் இதில் அசட்டையைக் காண்கிறோம்.

மாவட்ட ஆட்சித் தலைவர் தலைமையில் கூடும் கண்காணிப்புக் குழுவில், அடுத்த பருவத்துக்குப் பெயர் பதியத் தொடங்குமுன் இக்கோரிக்கையை எழுப்புமாறு மத்தியக் கூட்டுறவு வங்கிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.