சிரிச்சா சீட்டு கிடைக்குமா?

"நல்லா டிரஸ் பண்ணிட்டுப் போங்க, கவுண்டர்ல சிரிச்சுப் பேசுங்க, இன்னிக்கு கல்யாண நாள்னு சொல்லுங்க. எகானமி டிக்கெட்டுக்கே பிசினஸ் கிளாஸ் குடுப்பாங்க." ஆளாளுக்கு இந்த ஐடியாவை அள்ளி விடறாங்க. மக்களே, இதை நம்பி கோட்டு சூட்டோட திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயிடாதீங்க. நாகப்பட்டினத்துக்காரனுக்குப் பக்கத்து ஏர்போர்ட் அதுதான். அங்கேருந்து வெளிநாடு போறதுல பெரும்பாலானது பட்ஜெட் விமானம். பலதுல முன்னாடி தனி வகுப்பே கிடையாது. இல்லாத சீட்டை எப்படிச் சிரிச்சு வாங்கறது?

சரி, தனி வகுப்பு இருக்கிற விமானத்துக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு காலி சீட்டுங்கறது அழுகுற சரக்கு. கதவை மூடினதும் அதோட விலை பூஜ்யம். அதனால அதை யாருக்காவது தள்ளி விடுவாங்க. யாருக்கு? அடிக்கடி பறக்கிறவருக்கு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ல மைலேஜ் திட்டம் ஆரம்பிச்சு வச்சது, இன்னிக்கு உலகம் பூரா அதே வழிதான். எகானமியில இருக்கிற இடத்துக்கு மேல டிக்கெட்டை வித்துட்டு சிலரை முன்னாடி ஏத்த வேண்டி வந்தாலும், கார்டு வச்சிருக்கிறவரும் கூடுதல் விலைக்கு டிக்கெட் எடுத்தவரும்தான் முதல்ல. கம்பெனி காசுல மாசம் நாலு தடவை பறக்கிற மேனேஜருக்கு மேல மேல சலுகை. சொந்தக் காசைச் சேர்த்து வச்சு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர்ற துபாய் அண்ணன் வரிசையில கடைசி.

இப்போ பல நிறுவனங்கள் காலி சீட்டை ஏலமும் விடுது. எவ்வளவு தருவேன்னு நீங்க எழுதி அனுப்பணும். அடுத்தவர் எவ்வளவு கேட்டார்னு தெரியாது. நம்ம நாகை துறைமுகத்துல மீன் ஏலம் விட்டா, கேட்கிற விலை அங்க நிக்கிற அத்தனை பேர் காதுலயும் விழும். எது நியாயமான வியாபாரம்?

ரயில்வேயைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா இந்த ஒரு விஷயத்துல பாராட்டணும். 2006லயே ஆட்டோ அப்கிரேடு கொண்டு வந்தாங்க. சார்ட் போடும்போது ஏசியில பெர்த் காலியா இருந்தா, முழுக் கட்டணம் குடுத்த ஸ்லீப்பர் பயணியை கம்ப்யூட்டரே மேல ஏத்தும். கூடுதல் காசு இல்லை, பிஎன்ஆர் மாறாது. கீழே காலியான பெர்த் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவருக்குப் போகும். கோட்டு வேண்டாம், சிரிப்பு வேண்டாம். சலுகை டிக்கெட்டுக்குக் கிடையாதுங்கறது குறைதான். ஆனா அதையும் விதியிலயே எழுதி வச்சிருக்காங்க.

"தனியார் விமானம், அவன் சீட்டு, அவன் இஷ்டம்"னு சிலர் வாதம் பண்ணுவாங்க. அப்படியா? காசு குடுத்து வாங்கின வகுப்புலேருந்து ஒருத்தரைக் கீழே இறக்கினா, உள்நாட்டுப் பயணத்துல வரி உட்பட டிக்கெட் விலையில 75 சதவீதம் திருப்பித் தரணும்னு டிஜிசிஏ 2023ல விதி போட்டுச்சு. அது தனியாருக்கும் சேர்த்துத்தான். கீழே இறக்க விதி போட முடியும்னா, மேல ஏத்தறதுக்கும் போடலாம். எந்த வரிசையில ஏத்தறீங்கன்னு வெளிப்படையா எழுதி வைக்கட்டும். ஏலம் முடிஞ்சதும், சீட்டு எந்த விலைக்குப் போச்சுன்னு கேட்டவங்களுக்குச் சொல்லட்டும்.

கவுண்டர்ல பல்லைக் காட்டக் கத்துக் குடுக்கிறவங்களே, அந்த நேரத்துல இதைக் கேட்கக் கத்துக் குடுங்க. காசு குடுத்து டிக்கெட் வாங்கினவன் எதுக்குக் கெஞ்சணும்?