பூட்டிய பள்ளியும் திறந்த திண்ணையும்

செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது அனந்தபுரம். உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையில் வாழும் மக்களின் ஊர். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. நாடெங்கும் பள்ளிகளுக்குப் பூட்டு விழுந்தது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பூட்டு திறந்த நாள் 2021 நவம்பர் 1. பத்தொன்பது மாதங்கள்!

மாடிவீட்டுப் பிள்ளைக்குக் கைப்பேசியிலே வகுப்பு நடந்தது. குடிசைப் பிள்ளைக்கு? கல்வித் தொலைக்காட்சி பாடம் சொன்னது, நல்ல காரியம்தான். ஆனால், புரியவில்லை என்று பிள்ளை கேட்டால் பெட்டி பதில் சொல்லுமா? எழுதுகோல் பிடித்த கை களைக்கொத்தைப் பிடித்தது; ஏடு சுமந்த தோள் செங்கல் சுமந்தது.

"வீட்டிலே கற்கட்டும்" என்ற பேச்சு நமக்குப் புதிதா? 1953-இல் முதலமைச்சர் ஆச்சாரியார், அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். அது குலக்கல்வி என்று பெரியாரும் அண்ணாவும் எதிர்த்தனர்; நாடு கொதித்தது. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அன்று ஆணையால் நிலைக்காததை, 2020-இல் ஒரு பூட்டு ஓசையின்றி நிலைநாட்டப் பார்த்ததே!

வீட்டில் கற்பது வேறு, வீட்டோடு முடங்குவது வேறு. அதனால்தான் 2021 அக்டோபர் 27-இல், நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில், முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். மாலையில் ஒன்றரை மணி நேரம், சிறு கூட்டமாய்ப் பிள்ளைகள், சொல்லித்தரத் தன்னார்வலர். அவர்களில் பெரும்பாலோர் படித்த பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். திண்ணை பள்ளியாயிற்று!

ஆனால் தோழர்களே, திட்டம் வரும்வரை நாம் என்ன செய்தோம்? ஒருவர் படிக்கப் பலர் கேட்டு, படிப்பகங்களிலே வளர்ந்த இயக்கமல்லவா இது! அந்தக் கதவுகளைப் பிள்ளைகளுக்காக எத்தனை ஊர்களில் திறந்தோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையிலே நம் மாவட்டப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. பூட்டு இனியும் விழலாம். அன்று அரசாணைக்குக் காத்திராதீர்! இந்த ஏட்டைப் பிள்ளை கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வாரக் கூலிக் கணக்கை மகளைப் போடச் சொல்லுங்கள். பத்தாவது படித்த பக்கத்து வீட்டுத் தங்கையை அழைத்துத் திண்ணையில் விளக்கேற்றுங்கள். நமக்கு எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? பக்கத்தில் உட்காரத் தெரியும்!

கூலிக்கு நாம் போவோம். பிள்ளைகள் படிக்கட்டும்!