பள்ளி விடுமுறை வாசகர் வட்டத்துக்கு நூல்களும் இடமும் கோரும் மனு

அனுப்புநர்: பாகான் செராய் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் சார்பில் இயங்கும் சங்கத்தின் செயலவையினர்

பெறுநர்: பேராக் மாநிலப் பொது நூலகக் கழகம், ஈப்போ, கிரியான் மாவட்டக் கல்வி அலுவலகம், கிரியான் மாவட்ட மன்றம், பாரிட் புந்தார்

பொருள்: 7 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறையில் தமிழ் வாசகர் வட்டம் நடத்த ஒத்துழைப்பு வேண்டுதல்



பள்ளி மூடும் நாளில் பள்ளி நூலகமும் சேர்ந்தே மூடப்படுகிறது. பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும் வாரங்களில்தான் புத்தகங்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. இதை மாற்றித் தர வேண்டும் என்று கேட்கவே இம்மனுவை எழுதுகிறோம்.

எங்கள் வட்டாரத்துப் பெற்றோர் பலர் விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் செபராங் பிறைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். ஆண்டிறுதி விடுமுறை மழைக்காலத்தில் வருகிறது. தாமான்களை ஒட்டி ஓடும் பாசனக் கால்வாய்களில் தண்ணீர் நிரம்பியிருக்கும். வீட்டில் தனித்திருக்கும் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கும். அல்லது பிள்ளை கால்வாய்க்கரையில் நிற்கும். இரண்டுமே எங்களுக்குப் பயம்தான்.

அதனால் கோவில் மண்டபத்தில் பாய் விரித்து நாங்களே ஒரு வாசகர் வட்டத்தைத் தொடங்கினோம். வீடு வீடாகக் கேட்டு வாங்கிய கதைப் புத்தகங்களை மோட்டார் கூடையில் ஏற்றி வந்து பரப்பினோம். மூத்த பிள்ளைகள் வாசிக்க, சின்னவர்கள் கேட்டார்கள். பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிமார் சிலர் பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து, சுவரோரமாக உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரத்திலேயே புத்தகம் தீர்ந்துவிட்டது. படித்ததையே மறுபடி படிக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு பொது நூலகத்துக்குச் சென்று தேடினோம். தமிழ் அடுக்கில் சமய நூல்களும் பெரியவர்களுக்கான நாவல்களும் இருந்தன. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றவை ஒரு கையளவுகூட இல்லை. பணியாளர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். அடுக்கில் இல்லாததை அவர்களால் எப்படி எடுத்துத் தர முடியும்?

பள்ளிக்கு வெளியே வாசிப்பை வளர்ப்பது எங்கள் மக்களுக்குப் புதிய வேலை அல்ல. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. அப்படி எழுந்த பள்ளிகள் பல, ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாக இருந்தவை. குலா, செலின்சிங் என்று இம்மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்றும் ‘லாடாங்’ என்ற சொல் நிற்கிறது. அந்த ஓரறைப் பள்ளியைத் தாண்டிப் பிள்ளைகள் வாசித்தார்கள், எழுதவும் செய்தார்கள் என்றால், அதற்கு 1950களில் ‘தமிழ் முரசு’ நாளிதழ் நடத்திய மாணவர் மணிமன்றப் பக்கம் போன்ற முயற்சிகள் துணை நின்றன. நாளிதழின் அந்தப் பக்கத்துக்குத் தபாலட்டை எழுதிய பிள்ளைகளிலிருந்து எழுத்தாளர்கள் உருவானார்கள். இன்று தோட்டத்து லயமும் இல்லை, வீட்டு வாசலில் விழும் தமிழ் நாளிதழும் குறைந்துவிட்டது. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி 31-ஆம் நாளோடு நின்றுபோனது. அந்த இடத்தில் எதையாவது வைத்தாக வேண்டும்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கானது. விடுமுறைக்குமுன் தமிழ்ப்பள்ளி நூலகங்களிலிருந்து கதைப் புத்தகங்களைப் பட்டியலிட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையெழுத்துப் பெற்று, வாசகர் வட்டத்துக்கு இரவல் தரப் பள்ளிகளுக்கு அனுமதிக் கடிதம் வழங்க வேண்டும். தொலைந்தாலோ கிழிந்தாலோ அதே நூலையோ அதன் விலையையோ தருவதாக எங்கள் சங்கம் எழுத்தில் உறுதியளிக்கும். தலைமையாசிரியர்களின் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. நூல்கள் அரசின் சொத்து, கணக்குக் கேட்பார்கள். ஆகவேதான் வாய்மொழி அனுமதி போதாது, கடிதம் வேண்டும் என்கிறோம்.

வட்டத்தில் பிள்ளைகள் படிக்கும் நூல்கள் கல்வி அமைச்சின் ‘நிலாம்’ வாசிப்புத் திட்டப் பதிவிலும் ஏற வேண்டும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வட்டம் மிகவும் தேவை. ஆறாம் ஆண்டுக்குப் பிறகு, தமிழை ஒரு பாடமாகக் கேட்கவே 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்த பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வாசகர் வட்டம் ஒன்றே தமிழ் வகுப்பாக மிஞ்சக்கூடும்.

மாநிலப் பொது நூலகக் கழகத்திடம் கேட்பது, தமிழ்ச் சிறார் நூல்கள் கொண்ட இரவல் பெட்டிகள். விடுமுறை முழுவதும் எங்களிடம் ஒரு பெட்டி இருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடமாடும் நூலகத்தின் வழியே மாற்றப்பட்டால் போதும். ஈப்போ எங்களுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வதைவிடப் பெட்டி இங்கே வருவது எளிது. வாங்கும் நூல்கள் வாசிப்புத் திறன் அறிந்து வாங்கப்பட வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகச் சிறு நூல்களை அச்சிட்டது. தேசியப்பள்ளியில் படித்து, தமிழ் எழுத்தைத் தடுமாறிக் கூட்டும் பத்து வயதுப் பிள்ளைக்கு ‘நுழை’ படியிலுள்ள நூல்தான் தேவை. வயதைப் பார்த்துப் பெரிய நூலைக் கொடுத்தால் மறுநாள் அந்தப் பிள்ளை வராது. நம் நாட்டு எழுத்தாளர்களின் நூல்களையும் சேர்த்து வாங்குங்கள். 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அவை கோலாலம்பூரில் தேசிய நூலகத்துக்குச் செல்கின்றன. பாகான் செராயில் உள்ள பிள்ளையின் கைக்கும் அவை வர வேண்டும்.

மாவட்ட மன்றத்திடம், மழை நாள்களில் பயன்படுத்த ஒரு பொது மண்டபத்தை வாரம் இரண்டு காலைப் பொழுதுகள் கட்டணமின்றி ஒதுக்கித் தரக் கேட்டுக்கொள்கிறோம். கோவிலில் திருமணமோ திருவிழாவோ வந்துவிட்டால் எங்களுக்கு வேறு இடமில்லை. சீன, மலாய்ப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலும் வரவேற்போம்.

யுனெஸ்கோ கோலாலம்பூரை 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்தது. 2021 முதல் 2030 வரையிலான காலத்தைத் தேசிய வாசிப்புப் பத்தாண்டு என்று அரசே வகுத்திருக்கிறது. அந்தப் பத்தாண்டு முடிய இன்னும் எத்தனை விடுமுறைகள் மீதமிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இன்று ஏழு வயதில் இருக்கும் பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும்.

நாங்கள் கேட்பது பெரிய நிதி அல்ல. நடத்த ஆள் இருக்கிறோம். அனுமதிக் கடிதம், புத்தகப் பெட்டி, மண்டபத்தின் சாவி ஆகிய மூன்றும் விடுமுறை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாகக் கிடைக்க ஆவன செய்யும்படியும், நேரில் விளக்க எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இக்கண்,
சங்கத் தலைவர், செயலாளர், செயலவையினர்
பாகான் செராய், பேராக்