குண்டூசி குத்திய வரைபடம்

ஹான்ஸ் ஃபல்லாடா தம் வாழ்வின் இறுதி மாதங்களில் எழுதி, 1947ல் ஜெர்மனியில் வெளிவந்த நாவல் ஒன்று உண்டு. 'ஒவ்வொருவரும் தனித்தே சாகிறோம்' என்று பொருள்படும் தலைப்பு. 2009ல் பிரிட்டனில் அது 'அலோன் இன் பெர்லின்' என்ற பெயரில் மொழிபெயர்க்கப்பட்ட பிறகே நம்மில் பலருக்கு அறிமுகமாயிற்று. போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளித் தம்பதி, ஹிட்லருக்கு எதிரான வாசகங்களை அஞ்சலட்டைகளில் எழுதி, அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களைத் தேடும் கெஸ்டபோ அதிகாரி எஷரிஷ், சுவரில் பெர்லின் வரைபடத்தை மாட்டி, அட்டை அகப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு கொடியைக் குத்துகிறான். எழுதியவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் எங்கே வசிக்கக்கூடும் என்பதைக் கொடிகள் சொல்லும் என்று காத்திருக்கிறான்.

இந்தக் காத்திருப்புக்கு இன்று ஓர் அறிவியல் பெயர் இருக்கிறது. ஜியோகிராஃபிக் புரொஃபைலிங் என்கிறார்கள். தொடர்குற்றம் புரிபவன் தடயம் விடாமல் போகலாம், முகத்தை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கிருந்தோ புறப்பட்டு எங்கேயோ போயாகவேண்டும். வீட்டிலிருந்து தொலைவு கூடக்கூடக் குற்றங்கள் குறையும், ஏனெனில் அவனும் நம்மைப்போல் அலுப்புக்கு அஞ்சுபவன். அதேசமயம் வீட்டு வாசலிலும் அவன் கைவைப்பதில்லை, ஏனெனில் அங்கே அவனை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு இயல்புகளையும் சூத்திரத்தில் அடக்கி, நகரின் ஒவ்வொரு சதுரத்துக்கும் மதிப்பெண் போட்டால், தேடவேண்டிய பகுதி வரைபடத்தில் மேடாக எழும்பி நிற்கும். வான்கூவர் காவல்துறையில் இருந்தபடியே 1995ல் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற கிம் ரோஸ்மோ இந்தச் சூத்திரத்தை வகுத்தார். அதை இயக்கும் மென்பொருளுக்கு ரைகல் என்று பெயர். ஓரியன் என்னும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தில் உள்ள நட்சத்திரம்.

ஆனால் ரோஸ்மோவுக்கு முன்பே இதைச் செய்துகாட்டியவர் ஒருவர் இருந்தார். என் பார்வையில் இத்துறையின் மிக அழகான அத்தியாயம் அவருடையதுதான். 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபைத் தேடிய காவல்துறை, காகிதங்களின் பாரத்தால் அலுவலகத் தளத்தையே முட்டுக்கொடுத்து வலுப்படுத்தும் நிலைக்கு வந்திருந்தது. இடையில் 1979ல் ஓர் ஒலிநாடா வந்துசேர்ந்தது. 'நான்தான் கொலைகாரன்' என்று சண்டர்லண்ட் பகுதி உச்சரிப்பில் ஒரு குரல் கேலிபேசியது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வட்டாரவழக்கு ஆய்வாளர்கள் அந்தக் குரலைக் காஸில்டவுன் என்ற சிற்றூர்வரை துல்லியமாகத் தொடர்ந்து போனார்கள். அவர்கள் கணிப்பில் பிழையில்லை. 2006ல் தண்டிக்கப்பட்ட ஆசாமி அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவன்தான். என்ன செய்வது, அவன் கொலைகாரன் அல்லன், போலி. அந்த உச்சரிப்பு இல்லாதவர்கள் சந்தேக வளையத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். சட்கிளிஃபை ஒன்பது முறை விசாரித்த காவல்துறை ஒன்பது முறையும் விட்டுவிட்டது.

1980 டிசம்பரில் வழக்கை மறுபரிசீலனை செய்த குழுவில் ஸ்டூவர்ட் கைண்ட் என்ற தடயவியலாளர் இடம்பெற்றார். அவர் குரலைக் கேட்கவில்லை, இடங்களைப் பார்த்தார். 17 தாக்குதல் இடங்களில் ஊசி குத்தி, எல்லா ஊசிகளையும் ஏதோ ஒரு புள்ளியுடன் நூலால் இணைத்தால், எந்தப் புள்ளியில் மொத்த நூல் மிகக் குறைவாகச் செலவாகும்? விடை பிராட்ஃபோர்டுக்கு அருகே விழுந்தது. பிறகு நேரத்தைக் கவனித்தார். முன்னிரவுத் தாக்குதல்கள் தொலைவிலும், பின்னிரவுத் தாக்குதல்கள் அருகிலும் நடந்திருந்தன. வீடு திரும்பவேண்டியவனின் கணக்கு அது. மேனிங்ஹாமுக்கும் ஷிப்லிக்கும் இடைப்பட்ட பகுதியில் தேடுங்கள் என்றார் கைண்ட். சட்கிளிஃபின் வீடு இருந்த ஹீட்டன் சரியாக அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு சட்கிளிஃபைப் பிடித்தது வரைபடம் அன்று. 1981 ஜனவரி 2ஆம் தேதி ஷெஃபீல்டில், காரில் போலி எண்பலகை இருந்ததைக் கண்டு இரு சாதாரணக் காவலர்கள் பிடித்தார்கள். கைண்டின் புகழுக்கு இதனால் குறைவில்லை. ஆயினும் இத்துறை பற்றிப் பேசுவோர் இந்தப் பகுதியைச் சற்று வேகமாகக் கடந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். இன்னொன்றையும் வேகமாகக் கடப்பார்கள். 2002ல் பிரென்ட் ஸ்னூக், டேவிட் கேன்டர், கிரெய்க் பென்னல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், முன்பின் பயிற்சியில்லாதவர்களுக்கு இரண்டே எளிய விதிகளைக் கற்றுக்கொடுத்தபோது அவர்களும் கணினி நிரலுக்கு நிகராகவே குற்றவாளியின் வீட்டைக் கணித்தார்கள். ரோஸ்மோ தரப்பு இதை ஏற்கவில்லை. சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. சூத்திரம் பெரிதா, பொதுப்புத்தி பெரிதா என்ற அந்த விவாதத்தில் எனக்கு அதிக ஆர்வமில்லை. என் கேள்வி வேறு. ஊசிகளை வரைபடத்தில் குத்துவது யார்?

யார்க்‌ஷயர் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1976ல் லீட்ஸ் நகரில் தாக்கப்பட்டு உயிர்தப்பிய ஓர் இளம் கறுப்பினப் பெண், தாக்கியவனின் அடையாளத்தைச் சொன்னார். அவர் சொன்னபடி உருவாக்கப்பட்ட முகம் சட்கிளிஃபை ஒத்திருந்தது. காவல்துறை அவரை அந்த வரிசையில் சேர்க்க மறுத்தது. அதற்கு முந்திய ஆண்டில் தாக்கப்பட்ட 14 வயதுச் சிறுமியின் சாட்சியமும் இப்படியே ஒதுக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்துச் சட்கிளிஃப் அதைத் தானே ஒப்புக்கொண்டான். கொல்லப்பட்டவர்களுள் சிலர் பாலியல் தொழில் செய்தவர்கள் என்பதால் அவர்களை ஒருவிதமாகவும் மற்றவர்களை வேறுவிதமாகவும் அதிகாரிகள் பேசினார்கள். அந்தப் பேச்சுக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை மன்னிப்புக் கேட்டது 2020 நவம்பரில், சட்கிளிஃப் சிறைக்கைதியாக இறந்த பிறகு.

வான்கூவரில் நிலைமை இன்னும் மோசம். டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்ற ஏழைப் பகுதியிலிருந்து பெண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுள் பலர் பூர்வகுடியினர். இது இயல்பான எண்ணிக்கை அன்று, ஒரு தொடர்கொலைகாரன் இருக்கவேண்டும் என்று 1990களின் இறுதியில் எச்சரித்தவர் வேறு யாருமல்லர், அதே ரோஸ்மோ. உலகமே அழைத்து ஆலோசனை கேட்ட மனிதரை அவருடைய சொந்தக் காவல்துறை கேட்கவில்லை. உடல்கள் அகப்படாததால் வரைபடத்தில் குத்த ஓர் இடமும் இல்லை. காணாமல் போனவர்களின் எண்ணிக்கை மட்டுமே அவர் கையில் இருந்தது. அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழக்குத் தொடர்ந்தார், தோற்றார். 2002 பிப்ரவரியில் ராபர்ட் பிக்டன் கைதான பிறகு, நகரிலிருந்து காரில் எளிதில் போய்விடக்கூடிய போர்ட் கோகுவிட்லம் பன்றிப் பண்ணை ஒன்றில் 33 பெண்களின் எச்சங்களோ மரபணுத் தடயங்களோ கிடைத்தன. 2012ல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை, அந்தப் பெண்கள் ஏழைகளாகவும் ஒதுக்கப்பட்டவர்களாகவும் இருந்ததே காவல்துறையின் அலட்சியத்துக்கு இடங்கொடுத்தது என்று பதிவுசெய்தது. உலகின் தலைசிறந்த சூத்திரம் அதே கட்டடத்தில் இருந்தது என்பதை நினைக்கையில் மனம் கசக்கிறது.

இப்போது பெர்லினுக்குத் திரும்பலாம். ஃபல்லாடாவின் தம்பதிக்கு மூலவடிவங்கள் ஓட்டோ ஹாம்பெலும் எலிஸே ஹாம்பெலும். நிஜத்தில் போரில் இறந்தது மகன் அல்லன், எலிஸேயின் சகோதரன். 1940 முதல் 1942 வரை 200க்கும் மேற்பட்ட அட்டைகளை நகரெங்கும் வைத்தார்கள். 1943 ஏப்ரல் 8 அன்று பிளாட்ஸன்ஸே சிறையில் இருவரின் தலையும் வெட்டப்பட்டது. 2014ல் ரோஸ்மோவும் சில உயிரியலாளர்களும் சேர்ந்து, அட்டைகள் கிடைத்த இடங்களைத் தம் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தார்கள். வெட்டிங் பகுதியில் ஹாம்பெல் தம்பதி வாழ்ந்த வீட்டின் சுற்றுவட்டாரத்தைச் சூத்திரம் முன்னிறுத்தியது. எஷரிஷின் உள்ளுணர்வு சரிதான்.

கட்டுரை என்ற வகையில் அது சுவையானது. நாவல் வாசகன் என்ற முறையில் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. சட்கிளிஃபைக் காட்டும் சூத்திரமே ஹாம்பெலையும் காட்டும். அதற்குக் கொலையும் அஞ்சலட்டையும் ஒன்றே, இரண்டும் புள்ளிகள். இதே சூத்திரம் தேனீக்களின் கூட்டையும், வெள்ளைச் சுறா இரைக்காகப் பதுங்கும் இடத்தையும், 1854 லண்டன் காலராவின் ஊற்றான பிராட் தெரு அடிகுழாயையும் கண்டுபிடித்திருக்கிறது என்பது மறுக்கவியலாத பெருமை. ஆனால் 2016ல் இதைக்கொண்டே பேங்ஸி என்ற முகம்காட்டாத சுவரோவியரின் 140 ஓவியங்களை வரைபடத்தில் இட்டு, அவர் இன்னார்தான் என்று ஊகிக்கப்பட்ட ஒருவரின் முகவரிகளோடு பொருத்திப் பார்த்தார்கள். சுவரெழுத்து போன்ற சிறு செயல்களைக் கொண்டு, பெரிய தாக்குதல் நிகழும் முன்பே பயங்கரவாதிகளின் இருப்பிடத்தைக் கண்டறியலாம் என்று அந்தக் கட்டுரை பரிந்துரைத்தது. சுவரில் எழுதுபவனுக்கும் குண்டு வைப்பவனுக்கும் இடையிலான தொலைவை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் இந்தக் கலையைக் கைவிடச் சொல்லவில்லை. கைண்டின் நூல்கணக்கு சில மாதங்கள் முன்னதாக நடந்திருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கக்கூடும். ஆனால் இத்தகைய வரைபடம் எதுவானாலும் அதன் அடியில், புள்ளிகளைத் திரட்டியது யார், எவற்றை விட்டுவிட்டார்கள், அது ஏன் குற்றம் எனப்பட்டது என்ற மூன்று வரிகளையும் அச்சிடவேண்டும் என்பேன். பெர்லின் வரைபடத்தில் அவ்வாறு எழுதுவதானால் ஒரு தகவல் தவறாமல் இடம்பெறும். ஹாம்பெல் தம்பதியின் அட்டைகளைக் கண்டெடுத்தவர்களில் பெரும்பாலோர், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், அவற்றை உடனே கொண்டுபோய் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள்.